பாலத்தின் பாரம்

பாரிஸுக்கு இரண்டே நாள். என் பட்டியலில் பதினான்கு இடங்கள். மனைவியின் பட்டியலில் ஒன்றுதான்: ‘‘எங்கயாவது கொஞ்ச நேரம் உட்காரணும்.’’

முதலில் லூவ்ர் மியூசியம். 77 செ.மீ. உயர மோனாலிஸாவைப் பார்க்க விறுவிறுவென்று நடத்திக் கூட்டிப் போனால், கதவு சாத்தியிருக்கிறது. செவ்வாய்க்கிழமை விடுமுறையாம்!

‘‘பதினாலு இடம் எழுதினீங்களே, கிழமையை எழுதலையா?’’

சமாளிக்க, பக்கத்திலேயே ஸேன் நதியின் மேலிருக்கும் ‘பான் டெஸார்’ பாலத்துக்கு அழைத்துப் போனேன். காதல் ஜோடிகள் பெயர் எழுதிப் பூட்டு மாட்டி, சாவியை ஆற்றில் வீசிய பாலம். 2014-ல் பாரம் தாங்காமல் பக்கவாட்டுக் கம்பித் தடுப்பில் ஒரு பகுதி சரிந்தது. 2015-ல் அத்தனை பூட்டையும் அகற்றினார்கள். சுமார் 45 டன்!

‘‘காதல் இவ்வளவு கனமா!’’ என்று ஜோக்கடித்தேன். அவள் சிரிக்கவில்லை.

‘‘பூட்டினவங்க போட்டோ எடுத்துக்கிட்டு ஊருக்குப் போயிட்டாங்க. ராத்திரி பகலா சுமந்தது பாலம்தானே?’’

பாலத்தைப் பற்றித்தான் சொல்கிறாளா? ஓரக்கண்ணால் பார்த்தேன். அவள் தோளில் குடை, தண்ணீர் பாட்டில், பிஸ்கட், இரண்டு பேர் ஸ்வெட்டரும் திணித்த பை. காலையிலிருந்து என் கையில் இருந்தது அந்தப் பட்டியல் மட்டும்.

பேசாமல் பையை வாங்கி மாட்டிக் கொண்டேன். பட்டியலை மடித்து அதற்குள் போட்டேன். பாலத்து பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம்.

அப்பா... என்ன கனம்!