கைகொடுத்துப் பிரிந்தால் கடன் பிரியுமா?

"கைகொடுத்துப் பிரிஞ்சிட்டம். இனி அந்தக் கடன் அவர்ர பாடு." சம்மாந்துறை நெல் ஆலைகளிலும் கல்முனை பஜாரிலும் சாய்ந்தமருது கடற்கரையிலும் கூட்டுத் தொழில் உடையும்போதெல்லாம் இந்தப் பேச்சு வருகிறது. சண்டை சச்சரவில்லாமல், ஊர்ப் பெரியவர் ஒருவர் முன்னிலையில் பேசி முடித்துவிட்டால் விலகியவர் விடுதலை பெற்றார் என்று எல்லோரும் நம்புகிறோம். மனிதருக்கு மனிதர் அது நல்ல பண்புதான். ஆனால் பங்காளிகள் இருவரும் சம்மதித்தால் கடனும் சம்மதித்துவிடும் என்ற நம்பிக்கை பொய். அது மார்க்கத்துக்கும் பொருந்தாது, நாட்டின் சட்டத்துக்கும் பொருந்தாது.

இரண்டு பேர் சேர்ந்து ஆலை நடத்துகிறார்கள் என்று வையுங்கள். சொறிக்கல்முனை வயல்காரர் அறுவடை முடிந்ததும் நெல்லைக் கடனுக்குப் போடுகிறார். இருவரையும் முதலாளிகள் என்று அறிந்துதான் போடுகிறார். ஒரு மாதம் கழித்து ஒருவர் விலகுகிறார். விலகிய செய்தியை வயல்காரருக்கு யாரும் சொல்லவில்லை. அவருடைய காசு என்னாவது?

இலங்கையில் கூட்டுத் தொழிலுக்கு ஆங்கிலச் சட்டமே நடைமுறை. 1852ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அப்படி வைத்துவிட்டது. அதனால் இங்கிலாந்தின் 1890ஆம் ஆண்டுப் பங்குடமைச் சட்டம் கல்முனை மாவட்ட நீதிமன்றத்திலும் பேசப்படுகிறது. அதன்படி விலகுவதற்கு முன் ஏற்பட்ட கடனிலிருந்து விலகியவர் தப்ப முடியாது. கடன் கொடுத்தவரும் ஒப்புக்கொண்டால் மட்டுமே விடுதலை. பங்காளிகள் தங்களுக்குள் செய்துகொண்ட ஏற்பாடு கடன்காரரைக் கட்டாது. விலகிய பிறகு ஏற்படும் கடன்கூட, முன்பே கொடுக்கல் வாங்கல் வைத்திருந்தவருக்கு விலகலைத் தெரியப்படுத்தாவிட்டால் தலையில் விழலாம். புதியவர்களுக்குப் பொது அறிவித்தல் போதும். பழைய வாடிக்கையாளர்களுக்கு ஆளாளுக்குச் சொல்ல வேண்டும்.

இனி அதைவிடக் கசப்பான பகுதி. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, மூலதனம் 1000 ரூபாவுக்கு மேற்பட்ட கூட்டு எழுத்தில், கையெழுத்துடன் இருக்க வேண்டும். இன்றைக்கு 1000 ரூபாவுக்குள் தொடங்கும் கூட்டு எது? அதே பிரிவு வெளியாருக்கு வேறு கதவைத் திறந்து வைக்கிறது. கூட்டு இருந்ததை அவர்கள் வாய்ச்சாட்சியாலும் சூழ்நிலையாலும் நிரூபிக்கலாம். அதாவது எழுத்தில்லாத பங்கில் கடன்காரர் உங்களைப் பங்காளி என்று பிடிக்கலாம். உங்கள் பங்கைக் கேட்டு நீங்கள் போனால், கூட்டே இல்லை என்று மற்றவர் மறுக்கலாம். கணக்குத் தீர்த்ததற்கு வாய்ச்சாட்சியம் செல்லும் என்று சட்டம் சிறு இடம் விட்டிருக்கிறது. கணக்கே தீர்க்காமல் போனவருக்கு அது உதவாது. கட்டாரிலிருந்தும் சவூதியிலிருந்தும் காசு அனுப்பி ஊரில் பங்கு வைத்திருப்பவர்கள் இந்தப் பிரிவை ஒருமுறை வாசிக்க வேண்டும்.

"எழுத்துக் கேட்டா நம்பிக்கையில்லண்டுதானே அர்த்தம்?" என்று முகம் சுளிப்பவர்கள் குர்ஆனின் மிக நீண்ட வசனத்தைத் திறக்கட்டும். அது அல்பகரா 282. தவணைக் கடனை எழுதிவைக்கவும் சாட்சி வைக்கவும் பேசுகிறது. தொழுகையைப் பற்றியல்ல, கணக்கெழுதுவதைப் பற்றி. எழுதுவதை அவநம்பிக்கை என்று சொல்ல நமக்கு உரிமை எங்கிருந்து வந்தது?

ஒரு நடைமுறை வினோதமும் இருக்கிறது. பங்குபற்றி எதுவும் எழுதாவிட்டால் 1890ஆம் ஆண்டுச் சட்டம் இலாபத்தையும் நட்டத்தையும் சமமாகப் பிரிக்கிறது. ஒருவர் காசும் மற்றவர் உழைப்பும் போடும் முழாரபாவில் அப்படியல்ல: உழைப்பைக் கொடுத்தவரின் கவனயீனமில்லாத நட்டம் காசு போட்டவருடையது. உழைத்தவர் தன் உழைப்பை மட்டும் இழக்கிறார். எழுதாமல் விட்டவர் தன் மார்க்க ஏற்பாட்டையே நீதிமன்றத்தில் கைவிட்டவராகிறார். ஒப்பந்தத்தில் எழுதினால் பங்காளிகளுக்குள் அதைப் பேணலாம். வெளிக்கடனுக்கு மட்டும் இருவரும் பொறுப்பே.

நட்டத்தில் ஓடும் கூட்டை விட்டு விலகுவது துரோகம் என்பதும் தவறு. 2021இல் இரசாயன உர இறக்குமதித் தடை வயலை அடித்தது. 2022இல் ரூபா சரிந்தது. ஏப்ரலில் மத்திய வங்கி ஒரே நாளில் வட்டியை 7 சதவீதப் புள்ளி உயர்த்தியது. அதற்குப் பின்னும் ஆலையை இழுத்தவர்களை ஊர் புகழ்ந்தது. ஆனால் கால எல்லை குறிக்காத கூட்டில் ஒருவர் அறிவித்தல் கொடுத்து எப்போதும் முடிக்கலாம். கால எல்லை குறித்திருந்தால் ஒப்பந்தம் காட்டும் வழி, அல்லது எல்லோரின் சம்மதம். அதுவும் இல்லையென்றால் நீதிமன்றம்: தொழில் நட்டத்தில் மட்டுமே நடக்கக்கூடியது என்பதே கலைக்கப் போதிய காரணம்; பங்காளியின் தொடர்ச்சியான ஒப்பந்த மீறலும் அப்படியே. காதி நீதிமன்றம் திருமண விவகாரத்துக்கு மட்டும். வியாபாரம் மாவட்ட நீதிமன்றத்துக்குத்தான் போகும்.

"கோட்டுக்குப் போனா வருசக்கணக்காகுமே" என்பார்கள். உண்மை, மறுக்கவில்லை. அதனால்தான் பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபையிலோ மத்தியஸ்த சபையிலோ முடிப்பதை நான் விரும்புகிறேன். ஆனால் அங்கும் கையெழுத்திட்டவரையே முடிவு கட்டும். காலமும் காத்திருக்காது. எழுத்து ஒப்பந்தத்தின் மீறலுக்கு 6 வருடம், எழுத்தில்லாததற்கு 3 வருடம். கடனாக விற்ற பொருளின் விலைக்கு எழுத்தில்லாவிட்டால் 1 வருடம்தான். வயல்காரர் கூச்சத்தால் ஒரு வருடத்துக்கு மேல் பொறுத்தால் வழக்கே செத்துவிடும்.

பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயர்ப் பதிவை மாற்றுவதும் அவசியம். ஆனால் சான்றிதழில் பெயரை வெட்டுவது கடனை வெட்டாது. வங்கியில் ஆலைக்காகப் போட்ட ஆள்பிணைக் கையெழுத்து இன்னும் பெரிய ஆபத்து. அது கூட்டு முடிந்த பின்னும் உயிரோடிருக்கும். வங்கி எழுத்தில் விடுவிக்கும்வரை, தவணை தவறினால் கடிதம் இரண்டு வீட்டுக்கும் போகும்.