தோளிலே காவடி, நெஞ்சிலே சுமை!



திருத்தணிகை மலையடிவாரத்திலே அமர்ந்து இதனை எழுதுகிறேன். முந்நூற்று அறுபத்தைந்து படிகள்! ஆடிக் கிருத்திகை வந்தால் அந்தப் படிகளிலே காவடி ஏறும். தோளிலே இருக்கும் சுமை ஊரார் கண்ணுக்குத் தெரியும். தெரிவதாலே தாங்கிப் பிடிக்கப் பத்துக் கரங்கள் நீளும். ஆனால், பொழுது புலருமுன்னே மின்சார ரயிலேறிச் சென்னைக்குப் படிக்கச் செல்கிறானே இளைஞன், அவன் நெஞ்சிலே இருக்கும் சுமை யார் கண்ணுக்குத் தெரிகிறது? உறக்கமில்லை, உணவு செல்லவில்லை, உரையாட மனமில்லை. "சோம்பல்" என்பர் வீட்டார். "காற்றுக் கருப்பு" என்பர் அண்டை வீட்டார். "நோய், தீர்க்கத்தக்க நோய்" என்பார் மருத்துவர். அவரிடம் அழைத்துச் சென்றால்தானே அவர் அதைச் சொல்வார்!

அறியாமை என்ன செய்யும்? ஏர்வாடியைக் கேளுங்கள்! 2001 ஆகஸ்டு 6ஆம் நாள், கொட்டகையிலே தீ. சங்கிலியிலே பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் மாண்டனர். மனநோய்க்கெனச் சென்னையிலே 1794ஆம் ஆண்டிலேயே இல்லம் எழுந்த நாட்டில், இருநூறு ஆண்டு கடந்தும் சங்கிலியே மருந்தாயிற்று!

இன்று சட்டம் நம் பக்கம் நிற்கிறது. மனநல மருத்துவம் குடிமகனின் உரிமை என்றது 2017ஆம் ஆண்டுச் சட்டம். உயிரை விடத் துணிந்து பிழைத்தவனைக் குற்றவாளியாக்காதே, கடும் மன அழுத்தத்தில் இருந்தவனாகக் கருது, அவனுக்குச் சிகிச்சை கொடு என்றது. 2022 அக்டோபர் முதல் 14416 என்ற தொலைபேசி எண் இருக்கிறது. இரவும் பகலும் இலவசம். தமிழிலும் பேசலாம், தெலுங்கிலும் பேசலாம். இரு மொழியும் புழங்கும் இந்த எல்லையூருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஆனால், எத்தனை வீடுகளுக்குத் தெரியும் இந்த எண்?

அன்று நமக்குப் படிப்பகம் இருந்தது, நாடகமேடை இருந்தது, முடிதிருத்தகத்திலே உரக்கப் படிக்கப்படும் நாளேடு இருந்தது. இன்று ஒவ்வோர் இளைஞன் கையிலும் கைப்பேசி இருக்கிறது. வாட்ஸ்அப்பும் இன்ஸ்டாகிராமும் நம் படிப்பகங்களாகட்டும்!

ஒரு குறையையும் மறைக்காமல் கூறுவேன். நீட் தேர்வை எதிர்க்கும் நம் வழக்கு நியாயமானது. 2021இல் சட்டமன்றமே மசோதா நிறைவேற்றியது. ஆயினும், ஒரு மாணவி மறைந்தால், அவள் படத்தையும் இறுதிக் கடிதத்தையும் சோக இசை சேர்த்துப் பரப்புகிறோமே, அதைத் தனியறையில் தவிக்கும் இன்னொரு பிள்ளையும் பார்க்கிறதே, எண்ணிப் பார்த்தோமா? வியன்னா நகரிலே, சுரங்க ரயில் தற்கொலைகளைப் பரபரப்பாக வெளியிடுவதை 1987இல் ஏடுகள் நிறுத்தின. அத்தகைய சாவுகள் பெருமளவு குறைந்தன. அடக்கமும் ஓர் ஆயுதமே! அநீதியைச் சாடுவோம், சாவை அலங்கரிக்க வேண்டாம். மீண்டு வந்தவர், தாமே விரும்பி முன்வந்தால், அவர் கதையைப் பரப்புவோம். அதனடியிலே அந்த எண்ணையும் பொறிப்போம்.

செய்தி அனுப்பியதோடு கடமை தீராது. "ஒன்றுமில்லை அண்ணே" என்று பதில் எழுதும் தம்பியின் வீட்டுக்கு நடந்து செல்லுங்கள். அருகே அமருங்கள். அறிவுரை வேண்டாம், செவி கொடுங்கள். மருத்துவமனைக்குத் துணை செல்லுங்கள்.

1960 ஏப்ரல் 1ஆம் நாள் திருத்தணி தமிழகத்தோடு இணைந்தது. போராடி மண்ணை மீட்ட ஊர், பேசாதிருந்து தன் மைந்தரை இழக்கலாமா?