தவணை கட்டும் குடும்பமும் நிலம் இழந்த விவசாயியும்

தலைநகர் தில்லியை ஒட்டியுள்ள நொய்டா, கிரேட்டர் நொய்டா பகுதிகளில் முதல் சொந்த வீட்டுக்குப் பணம் கட்டிய ஆயிரக்கணக்கான குடும்பங்கள், பத்து ஆண்டுகளுக்கு மேல் கடந்த பின்னும் வீட்டுச் சாவியைக் காணவில்லை. குடியிருக்கும் வீட்டுக்கு வாடகை, கட்டி முடிக்கப்படாத வீட்டுக்கு வங்கித் தவணை என இரட்டைச் சுமையை அவை சுமந்து வருகின்றன. பாதியில் நின்றுபோன குடியிருப்புத் திட்டங்களைப் பற்றி ஆராய ஒன்றிய அரசு அமைத்த அமிதாப் காந்த் குழு 2023 இல் அளித்த அறிக்கை, நாடு முழுவதும் 4.12 லட்சம் வீடுகள் இவ்வாறு முடங்கியுள்ளதாகவும், அவற்றில் சிக்கியுள்ள தொகை 4.08 லட்சம் கோடி ரூபாய் என்றும் குறிப்பிடுகிறது. இதில் தேசியத் தலைநகர் வட்டாரத்தின் பங்கே மிகப் பெரியது.

இக்குடும்பங்கள் செல்வந்தர்களின் குடும்பங்கள் அல்ல. பள்ளி ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள், தகவல் தொழில்நுட்பத் துறை ஊழியர்கள், ஓய்வு பெற்ற அரசு ஊழியர்கள், சிறு வணிகர்கள் ஆகியோர் வருங்கால வைப்பு நிதியையும், வீட்டுப் பெண்களின் நகையையும், சொந்த ஊரில் இருந்த துண்டு நிலத்தையும் பணமாக்கி முன்பணம் செலுத்தியவர்கள். இவர்களுக்கு நேர்ந்ததைச் சில மோசடிப் பேர்வழிகளின் செயலாகவோ, வாங்குபவரின் எச்சரிக்கைக் குறைவாகவோ பெருமுதலாளித்துவ ஊடகங்கள் சித்தரிக்கின்றன. உண்மையில் இது நிலத்தையும் குடியிருப்பையும் சந்தைச் சரக்காக்கிய அரசுக் கொள்கையின் நேரடி விளைவாகும்.

கடனின் கணக்கு

நொய்டாவின் பல செக்டர்களில் இன்று நடுத்தர அளவிலான ஒரு வீட்டுக்கு ஒரு கோடி ரூபாய் என்பது அசாதாரணமான விலையல்ல. வங்கி 75 லட்சம் ரூபாய் கடன் தருமானால், மீதி 25 லட்சத்தைக் குடும்பமே திரட்ட வேண்டும். முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம், வாகன நிறுத்துமிடக் கட்டணம், பராமரிப்பு வைப்புத்தொகை ஆகியவை இதற்கு மேல். 8.5 சதவீத வட்டியில் 20 ஆண்டுக் கடன் என்றால் மாதத் தவணை சுமார் 65,000 ரூபாய். இருபது ஆண்டுகள் முடியும்போது வங்கிக்குச் சென்றிருக்கும் தொகை 1 கோடியே 56 லட்சம். வாங்கிய கடனைவிட வட்டியே அதிகம். முப்பத்தைந்து வயதில் கடன் வாங்கியவர் ஐம்பத்தைந்து வயது வரை வட்டிக்காக உழைக்கிறார்.

இந்த வட்டியும் நிலையானதல்ல. 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரிசர்வ் வங்கி ரெப்போ விகிதத்தை 4 சதவீதத்திலிருந்து 6.5 சதவீதமாக உயர்த்தியது. அதே 75 லட்சத்தை 7 சதவீத வட்டியில் வாங்கியிருந்த குடும்பம் மாதம் சுமார் 58,000 ரூபாய் கட்டிக்கொண்டிருந்தது. வட்டி 9.5 சதவீதத்தை எட்டியபோது, அந்தத் தவணை முழுவதையும் வட்டியே விழுங்கியது. அசல் குறைய வழியில்லை. வங்கிகள் தவணையை உயர்த்தின, அல்லது கடன் காலத்தைப் பணி ஓய்வு வயதுக்கு அப்பாலும் நீட்டின. 2025 இல் விகிதம் இறங்கியபோது சுமை ஓரளவு தளர்ந்தது. ஏறினாலும் இறங்கினாலும் அந்த முடிவில் கடன் வாங்கியவருக்கு எந்தப் பங்கும் இல்லை.

நிலம் வந்த வழி

வீட்டின் விலையில் பெரும்பகுதி நிலத்தின் விலையாகும். அந்த நிலம் எங்கிருந்து வந்தது? புதிய ஓக்லா தொழில் வளர்ச்சி ஆணையம் என்பதன் ஆங்கிலச் சுருக்கமே நொய்டா. 1976 இல், தொழில் வளர்ச்சிக்கென உத்தரப்பிரதேச அரசு இயற்றிய சட்டத்தின்கீழ் அது உருவாக்கப்பட்டது. 1991 இல் கிரேட்டர் நொய்டா ஆணையம் தொடங்கப்பட்டது. தொழிற்சாலைகளும் தொழிலாளர் குடியிருப்புகளும் வரும் என்று கூறி கிராமம் கிராமமாக விளைநிலங்கள் எடுக்கப்பட்டன. நவீன தாராளமயக் காலத்தில் இதே நிலங்கள் தனியார் கட்டுமான நிறுவனங்களுக்குக் கைமாறின. ஆங்கிலேயர் காலத்து 1894 ஆம் ஆண்டு நிலக் கையகச் சட்டத்தின் அவசரப் பிரிவைப் பயன்படுத்தி, விவசாயிகள் ஆட்சேபனை தெரிவிக்கும் உரிமைகூடப் பறிக்கப்பட்டது.

ஷாபேரி கிராமத்தில் திட்டமிட்ட தொழில் வளர்ச்சி என்ற பெயரால் எடுக்கப்பட்ட 156 ஹெக்டேர் நிலம் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்காகக் கட்டுமான நிறுவனங்களுக்கு ஒதுக்கப்பட்டது. இந்தக் கையகப்படுத்தலை அலகாபாத் உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. 2011 ஜூலையில் உச்சநீதிமன்றம் அதை உறுதி செய்தது. அதே ஆண்டு அக்டோபரில், நொய்டா, கிரேட்டர் நொய்டா கிராமங்கள் பலவற்றின் வழக்குகளில் விவசாயிகளுக்கு 64.7 சதவீதக் கூடுதல் இழப்பீடும், மேம்படுத்தப்பட்ட நிலத்தில் 10 சதவீதமும் தர வேண்டும் என்று உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இத்தீர்ப்புகள் கருணையால் கிடைத்தவை அல்ல. அதே ஆண்டு மே மாதம் பட்டா, பார்சௌல் கிராமங்களில் நிலப்பறிப்புக்கு எதிரான போராட்டத்தின்போது விவசாயிகளும் காவலர்களும் உயிரிழந்தனர். தீர்ப்பு வந்த பிறகும் உரியதைப் பெற விவசாயிகள் வீதிக்கு வர வேண்டியிருந்தது. 2023 இல் கிரேட்டர் நொய்டா ஆணைய அலுவலகத்தின் முன் அகில இந்திய விவசாயிகள் சங்கத்தின் தலைமையில் நீண்ட தர்ணா நடைபெற்றது. அதன் தலைவர்கள் சிறையில் அடைக்கப்பட்டனர்.

ஷாபேரி தீர்ப்பு வந்த நாளில் அங்கே வீட்டுக்குப் பணம் கட்டியிருந்த குடும்பங்கள் அதிர்ச்சியில் உறைந்தன. விவசாயியின் வெற்றி வீடு வாங்கியவரின் தோல்வி என்பது போன்ற தோற்றம் உருவாக்கப்பட்டது. விவசாயிகளின் பேராசையால்தான் வீடு தாமதமாகிறது என்ற பிரச்சாரமும் கிளப்பப்பட்டது. சதுர மீட்டர் கணக்கில் குறைந்த தொகைக்கு நிலத்தை எடுத்து, பன்மடங்கு விலைக்குக் கைமாற்றிய ஆணையமும், அதற்குமேல் லாபம் வைத்து விற்ற நிறுவனங்களும் இந்தச் சண்டையில் பார்வையாளர் வரிசையில் அமர்ந்துகொண்டன.

கூட்டுக் கொள்ளை

கட்டுமான நிறுவனங்கள் நிலத்தின் விலையில் சிறு பகுதியை மட்டும் முன்பணமாகச் செலுத்தி, மீதியைப் பல ஆண்டுத் தவணைகளில் கட்டலாம் என்ற சலுகையைப் பெற்றன. வீடு வாங்குவோரிடமோ அடித்தளம் போடுவதற்கு முன்பே பெரும் தொகை வசூலிக்கப்பட்டது. ஒரு திட்டத்துக்கு வாங்கிய பணம் அடுத்த நிலத்துக்கும், வேறு தொழிலுக்கும், நிறுவனர்களின் சொந்தக் கணக்குகளுக்கும் திருப்பிவிடப்பட்டது. ஆணையத்துக்கு உரிய நிலுவை சேர்ந்துகொண்டே போயிற்று. நிறுவனம் நிலுவை வைத்ததால், முழுப் பணம் செலுத்திக் குடியேறிய குடும்பங்களுக்கும் பத்திரப் பதிவு மறுக்கப்பட்டது. குற்றம் ஒருவருடையது, தண்டனை மற்றொருவருக்கு.

அம்ரபாலி வழக்கில் 2019 ஜூலை 23 அன்று உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பு இதை வெட்டவெளிச்சமாக்கியது. 42,000க்கும் மேற்பட்டோரின் பணம் திசைதிருப்பப்பட்டதையும், நொய்டா, கிரேட்டர் நொய்டா ஆணையங்களும் வங்கிகளும் அதற்குத் துணை நின்றதையும் நீதிமன்றம் பதிவு செய்தது. நிறுவனத்தின் ரெரா பதிவு ரத்தானது. பணியை முடிக்கும் பொறுப்பு பொதுத்துறை நிறுவனமான என்பிசிசியிடம் ஒப்படைக்கப்பட்டது. தனியார் துறையின் திறமை பற்றி ஓயாமல் பேசுவோர் இந்த ஒரு செய்தியைக் கவனமாகத் தவிர்க்கிறார்கள். தனியார் கைவிட்டுச் சென்ற கட்டடங்களை எழுப்பி முடிக்க இறுதியில் பொதுத்துறையே தேவைப்பட்டது.

வங்கிகளின் பங்கு தனியாகப் பார்க்கப்பட வேண்டியது. வீடு கையில் வரும் வரை தவணையை நிறுவனமே கட்டும் என்ற கவர்ச்சித் திட்டத்தின்கீழ், வாங்குபவரின் பெயரில் கடன் வழங்கி, தொகையை நேராக நிறுவனத்திடம் வங்கிகள் கொடுத்தன. கட்டடம் எந்த நிலையில் உள்ளது என்று பார்க்காமலே பணம் விடுவிக்கப்பட்டது. நிறுவனம் தவணையை நிறுத்தியதும், வங்கி கடன்தாரரின் கதவைத் தட்டியது. தேசியத் தலைநகர் வட்டாரத்தில் நடந்த இந்தக் கூட்டு குறித்து விசாரிக்குமாறு 2025 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் சிபிஐக்கு உத்தரவிட்டது. இடைப்பட்ட காலத்தில் பல குடும்பங்களின் கடன் மதிப்பெண் சிதைந்தது. பிள்ளைகளின் உயர்கல்விக் கடனுக்கும் அது தடையானது.

சட்டம் தந்ததும் தராததும்

வீடு வாங்குவோரின் போராட்டங்களே 2016 ஆம் ஆண்டின் ரெரா சட்டத்துக்கு வழிவகுத்தன. வாங்குவோரிடமிருந்து பெறும் தொகையில் 70 சதவீதத்தைத் தனிக் கணக்கில் வைக்க வேண்டும், உண்மையான பயன்பாட்டுப் பரப்பளவின் அடிப்படையில் விற்க வேண்டும் என்பன போன்ற பயனுள்ள விதிகள் அதில் உள்ளன. ஆயினும் பணத்தைத் திருப்பித் தர ஆணையம் உத்தரவிட்டாலும், அதை வசூலிப்பது மாவட்ட நிர்வாகத்தின் கையில் உள்ளது. அங்கே கோப்புகள் உறங்குகின்றன.

திவால் சட்டத்தின்கீழ் 2018 இல் வீடு வாங்குவோருக்கு நிதிக் கடனாளர் தகுதி வழங்கப்பட்டது. அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் மோடி அரசு அதைச் சுருக்கியது. ஒரே திட்டத்தைச் சேர்ந்த 100 பேர், அல்லது 10 சதவீதத்தினர் சேர்ந்தால்தான் மனுச் செய்யலாம் என்று 2020 இல் திருத்தம் வந்தது. வங்கிக்கு இந்த நிபந்தனை இல்லை. ஜேபி இன்ஃப்ராடெக் திவால் வழக்கு 2017 ஆகஸ்டில் தொடங்கியது. மீட்புத் திட்டத்தை மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் உறுதி செய்தது 2024 மே மாதத்தில். அந்த வழக்கில் சுமார் 20,000 வீடு வாங்குவோரின் உரிமையோடு, நிலம் இழந்த விவசாயிகளுக்குச் சேர வேண்டிய கூடுதல் இழப்பீடும் பேசப்பட்டது. விவசாயியும் நகரத்துக் குடும்பமும் ஒரே நிறுவனத்தின் வாசலில், ஒரே வரிசையில் நின்றார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

ஒன்றிய அரசு அறிவித்த 'அனைவருக்கும் வீடு' இலக்கு 2022 இல் முடிவடைந்திருக்க வேண்டும். நகர்ப்புற வீட்டுப் பற்றாக்குறை 1.88 கோடி என்றும், அதில் சுமார் 96 சதவீதம் பொருளாதாரத்தில் நலிந்தோர், குறைந்த வருவாய்ப் பிரிவினருடையது என்றும் 2012 இல் அரசின் தொழில்நுட்பக் குழுவே கணக்கிட்டது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, நகரங்களில் 1 கோடிக்கும் மேற்பட்ட வீடுகள் பூட்டிக் கிடப்பதைக் காட்டியது. வீடற்றோர் ஒருபுறம், ஆளற்ற வீடுகள் மறுபுறம். சந்தை யாருக்காகக் கட்டுகிறது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை. அந்த வீடுகளைக் கட்டும் பீகார், மேற்கு வங்கம், ஜார்க்கண்ட் மாநிலங்களைச் சேர்ந்த புலம்பெயர் தொழிலாளர்கள், கட்டடத்தின் நிழலிலேயே தகரக் கொட்டகைகளில் வாழ்கிறார்கள்.

யார் பக்கம் நிற்பது?

ஒரு கோடி ரூபாய் வீட்டுக்காரரின் பிரச்சினை உழைக்கும் வர்க்கத்தின் பிரச்சினையா என்ற தயக்கம் இடதுசாரி அணிகளில் அவ்வப்போது எழுகிறது. இந்தத் தயக்கம் தவறான முடிவுக்கே இட்டுச்செல்லும். பிரெடரிக் ஏங்கெல்ஸ் 1872 இல் எழுதிய 'குடியிருப்புப் பிரச்சினை' கட்டுரைகளில், ஒவ்வொரு தொழிலாளியையும் வீட்டுச் சொந்தக்காரராக்குவதே தீர்வு என்ற வாதத்தை மறுத்தார். கடன்பட்ட வீடு தொழிலாளியை ஒரே இடத்தில் கட்டிப்போட்டு, முதலாளியை எதிர்க்கும் வலிமையைக் குறைக்கும் என்று அவர் சுட்டிக்காட்டினார். இருபது ஆண்டுத் தவணை தலைக்கு மேல் தொங்கும் ஊழியர், சங்கம் அமைக்கவும் ஊதிய உயர்வு கேட்கவும் அஞ்சுவதை இன்றைய தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களில் காணலாம். ஏங்கெல்ஸின் விமர்சனம் வீட்டுக் கடன் என்ற ஏற்பாட்டின் மீதானது. அந்த ஏற்பாட்டில் சிக்கியவர்களை இயக்கத்துக்கு அந்நியர்களாகக் கருத அதில் இடமில்லை. வாடகைக்கு வாழ்வதற்குப் பாதுகாப்பான பொது ஏற்பாடு இல்லாத நாட்டில், முதுமைக்கு உத்தரவாதமான ஓய்வூதியமும் பறிக்கப்பட்ட நிலையில், சொந்த வீட்டை நாடுவது பேராசையும் அல்ல, மாயையும் அல்ல.

இக்குடும்பங்கள் போராடவும் அறிந்தவை. சூப்பர்டெக் நிறுவனத்தின் இரட்டைக் கோபுரங்களை எதிர்த்துக் குடியிருப்போர் சங்கம் 2012 இல் தொடுத்த வழக்கு, 2021 ஆகஸ்டில் உச்சநீதிமன்றத் தீர்ப்பாக முடிந்தது. அதிகாரிகளும் நிறுவனமும் கூட்டுச் சேர்ந்து விதிகளை மீறியது நிறுவப்பட்டு, 2022 ஆகஸ்ட் 28 அன்று கோபுரங்கள் தகர்க்கப்பட்டன. ஒன்பது ஆண்டுகள் தளராத சாதாரண மனிதர்களின் வெற்றி அது. ஆனால் இத்தகைய சங்கங்கள் பெரும்பாலும் தங்கள் வளாகச் சுவரோடு நின்றுவிடுகின்றன. அடுத்த கிராமத்து விவசாயியையும், தங்கள் வீட்டைக் கட்டும் தொழிலாளியையும், வீட்டுவேலைக்கு வரும் பெண்ணையும் அவை அயலாராகவே பார்க்கின்றன. இந்தச் சுவரைத் தகர்ப்பது இடதுசாரி இயக்கத்தின் பணி. இல்லையேல், ஏமாற்றப்பட்ட நடுத்தர வர்க்கத்தின் கோபத்தை வகுப்புவாத சக்திகள் தங்கள் பக்கம் திருப்பிக்கொள்ளும்.

உடனடிக் கோரிக்கைகள் தெளிவானவை. முடங்கிய திட்டங்களைப் பொதுத்துறை மூலம் காலவரையறைக்குள் முடிக்க வேண்டும். அதற்கான செலவை நிறுவனர்களின் சொத்துக்களைப் பறிமுதல் செய்து ஈடுகட்ட வேண்டும். வீடு கையளிக்கப்படும் வரை வங்கித் தவணையும் வட்டியும் நிறுத்திவைக்கப்பட வேண்டும். நிறுவனத்தின் நிலுவையைக் காரணம் காட்டிக் குடியேறியோருக்குப் பத்திரப் பதிவை மறுக்கக் கூடாது. ரெரா உத்தரவுகளை நிறைவேற்றும் அதிகாரம் ரெரா ஆணையத்துக்கே வேண்டும். விவசாயிகளுக்கு நீதிமன்றம் அறிவித்த இழப்பீடும் நிலமும் முழுமையாக வழங்கப்பட வேண்டும். கட்டுமானத் தொழிலாளர்களுக்கான நலநிதி அவர்களுக்கே செலவிடப்பட வேண்டும்.

இவற்றுக்கு மேலாக, பொது நிலத்தில் பொது நிதியால் கட்டப்படும், நியாயமான வாடகையில் கிடைக்கும் குடியிருப்புகள் பெருமளவில் வேண்டும். கேரளத்தில் இடது ஜனநாயக முன்னணி ஆட்சி லைஃப் திட்டத்தின் மூலம் 4 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளைக் கட்டி, வீடற்ற ஏழைக் குடும்பங்களுக்கு வழங்கியது. நிதி நெருக்கடிக்கு உள்ளாக்கப்பட்ட ஒரு மாநில அரசால் இதைச் செய்ய முடிந்தபோது, ஒன்றிய அரசுக்கு இல்லாதது நிதி அல்ல, மனமே.

விவசாயிகள் சங்கமும், கட்டுமானத் தொழிலாளர் சங்கமும், வீடு வாங்கியோர் சங்கமும் ஒரே மேடையில் அமரும் நாளில்தான் கட்டுமான நிறுவனங்களின் கணக்கு தவறும். தில்லியின் புறநகரில் தொடங்க வேண்டிய இந்த ஒற்றுமை, பெங்களூருக்கும் மும்பைக்கும் சென்னைக்கும் அதே அளவு தேவையானது. அந்தந்தப் பகுதிகளில் உள்ள கட்சி அணிகள் இந்தக் கடமையை உடனே கையில் எடுக்க வேண்டும்.