திருடன் அகப்படுவான்!

பழைய எஸ்.யு.வி. ஒன்றைச் செகண்ட் ஹாண்டில் வாங்கியிருக்கிறீர்களா? பேஷ்! ஆனால், காலையில் சாவியைத் திருகினால் 'கிளிக்' என்று சொல்லிவிட்டு வண்டி மௌனவிரதம் பூணுகிறதா? "ஆல்டர்னேட்டர் போச்சு, ஸார்!" என்றதும் பணத்தை எண்ணி வைத்துவிடாதீர்கள்.

முதலில் மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். என்ஜின் ஓடும்போது பாட்டரியில் சுமார் 14 வோல்ட் வந்தால் ஆல்டர்னேட்டர் நிரபராதி. பூட்டி ஒரு மணி கழித்தும் 50 மில்லி ஆம்பியருக்கு மேல் மின்சாரம் போகிறதென்றால் எங்கோ கசிவு. ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள்; எதைக் கழற்றியதும் முள் இறங்குகிறதோ, அந்த வழியில்தான் திருடன்!

கசிவே இல்லையா? பாட்டரிக்கு வயதாகியிருக்கலாம், எர்த் ஒயரின் முனை துருவேறியும் இருக்கலாம். துருவானால் மருந்து உப்புத்தாள்தான். ஆயிரங்களை அழுமுன் அதைத் தேய்த்துப் பாருங்களேன்!