முதல் விசாரணை எவர் கையில்?

சமஷ்டி என்றவுடன் நாட்டின் சட்டமே துண்டு துண்டாகிவிடும் என்று அஞ்சுவோர் இன்றும் உளர். ஐக்கிய அமெரிக்காவை அவர்கள் சுட்டுவர். அங்கே மத்திய அரசின் 94 மாவட்ட நீதிமன்றங்கள் ஒரு புறம். ஒவ்வொரு மாநிலத்தின் நீதிமன்றங்களும் மறுபுறம். எந்த மன்றில் வழக்கிடுவது என்பதே ஒரு வழக்காகிவிடுவதுண்டு. நாம் அதை மறுக்கவில்லை.

ஆயின் ஜேர்மனி சமஷ்டி நாடு அன்றோ? குடியியற் கோவையும் குற்றவியற் கோவையும் அங்கே நாடு முழுவதற்கும் ஒன்றே. அவற்றின்படி முதல் விசாரணை நடாத்தும் மன்றங்களோ மாநிலங்களுக்குரியவை. மத்திய மன்றம் உச்சியில் நின்று சட்டத்தின் ஒருமையைக் காக்கின்றது. சுவிற்சர்லாந்து 2011ஆம் ஆண்டில் வழக்கு நடைமுறையையும் ஒன்றாக்கியது. அதற்காக, கன்ரன் எனப்படும் மாநிலங்களிடமிருந்து மன்றங்களைப் பறித்ததா? இல்லை. ஒரே கோவையின்படி சூரிச்சில் ஜேர்மன் மொழியிலும் ஜெனீவாவில் பிரெஞ்சு மொழியிலும் வழக்குகள் நடைபெறுகின்றன.

நம் நாட்டிலே 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தம் மாகாண மேல் நீதிமன்றங்களை அமைத்தது. பெயரில் மாகாணம் உண்டு. அங்கு அமரும் நீதிபதிகளைக் குறித்தனுப்புபவரோ கொழும்பிலுள்ள பிரதம நீதியரசர். மாகாண சபைக்கு அதில் ஒரு சொல்லுமில்லை.