பிட்கொயினுக்கு முதல் பேர்மிற்

2021 ஒக்டோபரில் அப்போதைய அமைச்சர் நாமல் ராஜபக்ச முன்வைத்த யோசனைப்படி, டிஜிட்டல் வங்கி, புளொக்செயின், கிரிப்டோ அகழ்வு பற்றி ஆராயக் குழு அமைக்க இலங்கை அமைச்சரவை இணங்கியது. அதே ஆண்டில் மத்திய வங்கியோ, மெய்நிகர் நாணயத்துக்குச் சட்ட அங்கீகாரம் இல்லை, வங்கி அட்டையால் வாங்கவும் கூடாது என்று எச்சரித்தது. அடுத்த ஆண்டு நாடே வெளிக்கடனைக் கட்டமுடியாமல் கைவிரித்தது.

ஆனால் வடக்கின் வன்னிக்கு வேண்டியது கிரிப்டோ நாணயமல்ல, காணிப் பதிவேடு. உள்நாட்டுப் போரின் கடைசி மாதங்களில் கிளிநொச்சியிலிருந்து முள்ளிவாய்க்கால்வரை ஓடிய சனத்தில் பலர் காணி உறுதியையும் பேர்மிற்றையும் (காணி அனுமதிப்பத்திரம்) வழியிலேயே தொலைத்தார்கள். 2025 மார்ச்சில் வடக்கில் சுமார் 5,900 ஏக்கருக்கு உரிமை கோர மூன்று மாத அவகாசத்துடன் வர்த்தமானி வந்தது. முல்லைத்தீவும் கிளிநொச்சியும் அதில் இருந்தன. எந்தத் துண்டைக் காட்டிக் கோருவது? எதிர்ப்பும் உயர் நீதிமன்றத்தின் இடைக்காலத் தடையும் வந்தன, அரசு பின்வாங்கியது.

காணிப் பதிவைக் காக்கப் புளொக்செயினும் உதவலாம்: ஜோர்ஜியா 2016இல் காணிப் பதிவுகளின் இலக்க முத்திரையைப் பிட்கொயினின் புளொக்செயின் சங்கிலியில் ஏற்றும் திட்டத்தைத் தொடங்கியது. பிறகு யாராவது பதிவில் கைவைத்தால் முத்திரை பொருந்தாது, குட்டு வெளிப்படும். ஆனால் முதற்பதிவே பிழையென்றால் அந்தப் பிழைக்கும் அதே காவல்தான்.

நாடாளுமன்றம் புளொக்செயின் பேசட்டும், நல்லது. அதற்கு முதல் பிரதேச செயலகங்களுக்கு நில அளவையாளரை அனுப்பி, தொலைந்த பேர்மிற்றுகளுக்குப் பிரதி கொடுக்கப் பணம் ஒதுக்கவேண்டும்.