பதிவு திருந்தாது, திருத்தப்பட வேண்டும்

பாறசாலையையும் களியக்காவிளையையும் பிரிக்கும் தொலைவு மிகச் சிறிது. தமிழும் மலையாளமும் ஒரே வாயில் மாறி மாறிப் புழங்கும் நிலம் அது. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்துடன் இணைந்தது. திருவிதாங்கூர்த் தமிழர் இயக்கம் கோரிய நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. ஊர்ப்பெயர்கள் அப்படியே இருந்தன. அவை எந்த மாநிலத்தின்கீழ் எழுதப்பட வேண்டும் என்பதே மாறியது. 1972இல் வந்த அஞ்சல் குறியீட்டு எண்ணிலும் இப்பிரிவு பதிந்தது: பாறசாலைக்கு 695, களியக்காவிளைக்கு 629 என எண்கள் தொடங்குகின்றன. பெயர் தானாகப் புதிய முகவரியைத் தேடிச் செல்வதில்லை; பதிவேட்டை வைத்திருப்பவர் திருத்தி எழுத வேண்டும் என்பதற்கு இவ்வெல்லையைவிட எளிய சான்று வேண்டியதில்லை.

கணினி வலையமைப்பை நிர்வகிப்போர் பலர் இதை ஏற்க மறுக்கின்றனர். இதே எல்லையோரத்தில் ஒரு கல்லூரி நூலகம் இருப்பதாகக் கொள்வோம். அதன் நூற்பட்டியல் சர்வருக்கு டிஎச்சிபி அவ்வப்போது முகவரி வழங்கி வந்தது. ஒருநாள் நிலையான முகவரி தரப்படுகிறது. மறுநாள் மாணவர் சர்வரின் பெயரைத் தட்டினால் அது பழைய முகவரிக்கே செல்கிறது. அங்கே இப்போது அலுவலக அச்சுப்பொறி அமர்ந்திருக்கிறது. முறையிடும் மாணவருக்குக் கிடைக்கும் விடை: "டிஎன்எஸ் பரவ வேண்டும், இரண்டு நாள் பொறுங்கள்."

இந்தப் 'பரவல்' என்ற சொல்லே பிழையின் வேர். டிஎன்எஸ்ஸில் எதுவும் நோய்போலவோ நறுமணம்போலவோ பரவுவதில்லை. மூலப்பதிவு ஒரு சர்வரில் இருக்கிறது. கேட்டவர்கள் அதன் நகலைச் சிறிது காலம் கேஷில் வைத்திருக்கின்றனர். டிடிஎல் என்னும் ஆயுட்காலம் அந்த நகலுக்கு உரியது, மூலத்துக்கு உரியதன்று. மூலம் திருத்தப்பட்டிருந்தால் காத்திருப்பதில் பொருளுண்டு. திருத்தப்படாவிட்டால், பழைய நகல் காலாவதியானதும் அதே பிழையின் புதிய நகல் வந்து சேரும். இரண்டு நாளன்று, இரண்டு ஆண்டு காத்திருந்தாலும் விளைவு ஒன்றே.

தமிழ் இலக்கணம் 'திருந்து' என்னும் தன்வினையையும் 'திருத்து' என்னும் பிறவினையையும் தெளிவாகப் பிரிக்கிறது. 'பரவும்' என்பது தன்வினை. அதில் செய்பவர் இல்லை. செய்பவர் இல்லாத வாக்கியத்தில் பொறுப்பேற்பவரும் இல்லை.

உண்மையில் செய்பவர் உண்டு. பல அமைப்புகளில் கணினியின் பெயரை டிஎன்எஸ்ஸில் பதிபவர் டிஎச்சிபி சர்வர். பாதுகாப்பான புதுப்பித்தல் மட்டுமே அனுமதிக்கப்படும் விண்டோஸ் சூழலில், பதிந்தவருக்கே அப்பதிவின் உரிமை. ஆகவே நிலையான முகவரிக்கு மாறிய கணினி தன் பெயரையே திருத்த முயன்றாலும் மறுக்கப்படலாம். பழைய குத்தகையை விடுவிக்காமல் மாறியிருந்தால் இன்னொரு கேடும் நேரலாம்: குத்தகை முடியும் நாளில் டிஎச்சிபி சர்வர் அப்பெயரின் பதிவை நீக்க, நேற்றுவரை இயங்கிய பெயர் இன்று காணாமற்போகும்.

"கேஷை அழித்தேன், சரியாயிற்று" என்பார் உளர். மூலம் முன்பே சரியாக இருந்த இடத்தில் அது மெய். அதைப் பொதுவிதியாக்குவது பொய். "பழம்பதிவுகளைச் சர்வரே துப்புரவு செய்யும்" என்பதும் முழுமையற்றது. விண்டோஸ் டிஎன்எஸ்ஸில் அவ்வசதி இயல்பாக முடக்கப்பட்டே இருக்கிறது. முடுக்கினாலும், இயல்பான அமைப்பில் 7 நாள் கொண்ட இரண்டு இடைவெளிகள் கழிய வேண்டும். கையால் எழுதிய பதிவுக்கோ கால முத்திரையே இல்லை. எழுதியவர் மறந்தால் அது என்றும் நிற்கும்.

எனவே ஆய்வின் வரிசை தலைகீழாக வேண்டும். மாணவரின் கணினியிலிருந்து தொடங்காமல், மூலப்பதிவுள்ள சர்வரிடமே நேரடியாகப் பெயரைக் கேட்க வேண்டும். விடை பழையதாயின் அங்கேயே பதிவை நீக்கிப் புதிதாக எழுத வேண்டும். முகவரியிலிருந்து பெயரைக் காட்டும் மறுதிசைப் பதிவையும் பார்க்க வேண்டும். பழைய குத்தகையை நீக்க வேண்டும். புதிய முகவரி டிஎச்சிபி வழங்கும் எல்லைக்குள் இருந்தால் விலக்கி வைக்க வேண்டும். கேஷை அழிப்பது இவற்றுக்கெல்லாம் பின்னரே. டிஎச்சிபியிலேயே அக்கணினிக்கு ஒரு முகவரியை ஒதுக்கி வைத்தால், முகவரியும் மாறாது, பதிவின் உரிமையும் ஓரிடத்தில் இருக்கும். பெரும்பாலான கல்லூரிகளுக்கு அதுவே போதும்.

நூற்பட்டியல் திறக்காத இரண்டு நாள் நிர்வாகிக்குச் சிறிது. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் வாரத்தில் இருப்பவருக்கு அது பெரிது. அவர் தம் கணினியைப் பழித்து, உலாவியை மாற்றி, இறுதியில் தம் அறியாமையையே நொந்துகொள்கிறார். பிழை அவரிடம் இல்லை. அது ஒரு சர்வரில், ஒரு வரியில், திருத்தும் உரிமையுடைய ஒருவரின் கைக்கெட்டும் தொலைவில் இருக்கிறது.